தீராத நெஞ்செரிச்சல்: ஜெலுசிலா, பான் ஃபார்ட்டியா, ஆபரேஷனா?

சென்னையில் எந்த மருந்துக்கடை வாசலில் நின்றாலும் கொஞ்ச நேரத்துக்குள் யாராவது வந்து “பான் ஃபார்ட்டி ஒரு அட்டை” என்று கேட்டுவிடுவார். கையில் டாக்டர் சீட்டு இருக்காது. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை வாங்குகிறவரும் பார்ப்பதில்லை, கொடுக்கிறவரும் பார்ப்பதில்லை. அதே தெருவில் இன்னொருவர், அந்த மாத்திரை கிட்னியைக் காலி பண்ணிவிடும் என்று வாட்ஸாப்பில் படித்துவிட்டு, ஈனோவும் ஓமவாட்டருமாக வருஷக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பார். ஒருவர் தேவைக்கு மேல் விழுங்குகிறார், இன்னொருவர் தேவையிருந்தும் ஒதுக்குகிறார். இரண்டு பேருக்கும் எரிச்சல் போனபாடில்லை.

கல்யாண விருந்துக்கு மறுநாள் வரும் எரிச்சலைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது நெஞ்சுக்குழி எரிகிறது, புளித்த தண்ணீர் தொண்டைவரை எதுக்களிக்கிறது, ராத்திரி இருமிக்கொண்டே எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, இதெல்லாம் மாதக்கணக்கில் தொடர்கிறது என்றால் அது ஒரு நோய். டாக்டர்கள் சீட்டில் ஜெர்ட் என்று எழுதுவது இதைத்தான்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அபாய அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு, டாக்டரைப் பார்த்து எட்டு வாரம் பிபிஐ வகை (அமிலம் சுரப்பதைக் குறைக்கும் பான் ஃபார்ட்டி போன்ற) மாத்திரையைச் சரியான நேரத்தில் போடுவது, அதே எட்டு வாரத்தில் ராத்திரிச் சாப்பாட்டின் நேரத்தை மாற்றுவது, அப்புறம் மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பது. இதுதான் மற்ற எல்லா வழிகளையும்விட நல்ல வழி. ஆனால் “சரியான நேரத்தில்” என்ற இரண்டு சொல்லில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன

“எனக்கு ஆசிட் அதிகமா சுரக்குது சார்” என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்றும் அதிகமாகச் சுரப்பதில்லை. இரைப்பையில் அமிலம் இருப்பது இயல்பு. அதைத் தாங்கும் உட்பூச்சும் அதற்கு உண்டு. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, மற்ற நேரம் மூடியிருக்க வேண்டியது. வயிறு முட்டச் சாப்பிட்டால், விழுங்காதபோதும் அது அடிக்கடி தளர்ந்து கொடுக்கும். தொப்பை இருந்தால் கீழிருந்து அழுத்தம் கூடும். சிலருக்கு இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்தின் துளை வழியாக மேலே ஏறியிருக்கும். ரிப்போர்ட்டில் ஹயேட்டஸ் ஹெர்னியா என்று வருவது அது. ஆக, இருக்கவேண்டிய அமிலம் இருக்கக்கூடாத இடத்துக்குப் போகிறது.

இதைத் தெரிந்துகொண்டால்தான் எந்த வழி எதைச் செய்யும் என்பது பிடிபடும். மாத்திரைகள் எல்லாம் மேலே வருவதன் புளிப்பைக் குறைக்கின்றன. மேலே வருவதை நிறுத்துவதில்லை. அதனால்தான் மாத்திரை போட்ட பலருக்கு எரிச்சல் நின்றாலும் எதுக்களிப்பு நிற்பதில்லை. மேலே வருவதையே குறைக்க வேண்டுமானால் சாப்பாட்டு நேரம், எடை, படுக்கும் விதம் இவற்றைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் கத்தியைத் தொட வேண்டும்.

கண்டுகொள்ளாமல் விட்டால் உணவுக்குழாயில் புண் வரலாம். புண் ஆறி ஆறித் தழும்பாகிக் குழாய் சுருங்கினால் இட்லிகூட நெஞ்சில் சிக்கும். பல் டாக்டர்கள் மேல்வரிசைப் பல்லின் உட்பக்கம் எனாமல் தேய்ந்திருப்பதைப் பார்த்தே “ராத்திரி எதுக்களிக்குதா?” என்று கேட்பதுண்டு. ஆறாத வறட்டு இருமல், காலையில் கரகரக்கும் குரல், கட்டுப்படாத ஆஸ்துமா இவற்றின் பின்னாலும் சில சமயம் இது இருக்கும். நீண்டகாலம் அமிலம் பட்டுப்பட்டுக் குழாயின் உள்தோல் மாறிப்போவதை பாரெட்ஸ் என்பார்கள். அதிலிருந்து புற்றுநோய் வரலாம் என்பது உண்மை. ஆனால் செல்கள் மேற்கொண்டு கெடாத நிலையில் அந்த ஆபத்து வருஷத்துக்கு அரை சதவீதத்துக்கும் குறைவு. பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம், பத்து வருஷ எரிச்சலைப் பார்க்காமல் விடவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் எந்த ஒப்பீட்டுக்கும் முன்னால் சொல்லியாக வேண்டும். நடந்தால் அல்லது மாடி ஏறினால் வரும் நெஞ்சுவலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சு வாங்கல் என்று இருந்தால் அதை “கேஸ்” என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. 108-க்கு போன் செய்ய வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பே வெறும் எரிச்சல்போல வரக்கூடும். இந்த ஊரில் சர்க்கரை இல்லாத வீடு எது?

ஜெலுசில், டைஜீன், ஈனோ

இருக்கிற அமிலத்தைச் சில நிமிஷங்களில் நடுநிலையாக்குவது ஆன்ட்டாசிட் எனப்படும் இவற்றின் வேலை. வேகத்தில் இவற்றை எதுவும் அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். புண் இருந்தால் ஆற்றாது. மாதம் ஒன்றிரண்டு முறை எரிச்சல் வருபவருக்கு இது போதும், இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். தினமும் பாட்டிலைச் சாய்க்கிறவர் தப்பான வரிசையில் நிற்கிறார்.

இவற்றுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. மெக்னீசியம் உள்ளது பேதியாக்கும், அலுமினியம் உள்ளது மலச்சிக்கல் தரும். அதனால்தான் இரண்டையும் கலந்து விற்கிறார்கள். ஈனோ வகைப் பொடியில் சோடியம் அதிகம். பிரஷர் மாத்திரை போடுகிறவரும் இதய நோயாளியும் அதைப் பழக்கமாக்கக் கூடாது. கிட்னி பாதித்தவர்கள் அலுமினியமும் மெக்னீசியமும் உள்ளதை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. அப்புறம் ஆல்ஜினேட் சேர்ந்த திரவங்கள் உண்டு. கேவிஸ்கான் அந்த வகை. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், இரைப்பையில் இருப்பதன் மேல் மிதக்கும் படலமாகி, மேலே ஏறுவதைக் கொஞ்சம் தடுக்கும். சாப்பிட்டபின் எதுக்களிக்கும் ஆட்களுக்கு வெறும் ஆன்ட்டாசிட்டைவிட இது மேல். நம் ஊரில் டாக்டர்கள் இதை ஏன் அதிகம் எழுதுவதில்லை என்று எனக்கு ஆச்சரியம்தான்.

கைவைத்தியமும் இந்த வரிசையில்தான் வரும். குளிர்ந்த பால் அந்த நிமிஷத்துக்கு இதமாக இருக்கும். கொழுப்புள்ள பால் என்றால் அப்புறம் திருப்பி அடிக்கும். சீரகத் தண்ணீர், மோர் இரண்டும் கெடுதல் செய்யாது. புதினா பலருக்கு எதிரி, அது சுருக்குத்தசையைத் தளர்த்தும். அதிமதுரத்தைத் தினமும் கஷாயமாகக் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர் உள்ளவர்கள் அதன் பக்கமே போகக்கூடாது. சித்த வைத்தியத்தில் குன்மத்துக்குத் தரும் சங்கு பற்பம் சங்கைப் புடம்போட்டு எடுக்கும் சுண்ணாம்புப் பொருள். வேதியியல்படி பார்த்தால் கால்சியம் ஆன்ட்டாசிட்டின் பங்காளி. சித்தாவில் நம்பிக்கை இருந்தால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு மருத்துவமனை இருக்கிறது. பேர் போடாத பொட்டலத்தைக் கடையில் வாங்குவதற்கு அங்கே போய் ஓபி சீட்டு வாங்கலாம்.

நடுவில் ஒரு வகை

ஃபமோடிடின், ரானிடிடின் இரண்டும் ஹிஸ்டமின் வழியாக அமிலம் சுரப்பதைக் குறைப்பவை. இந்த வகையின் முதல் வெற்றிகரமான மருந்தான சிமெடிடினுக்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் பிளாக் 1988-ல் நோபல் பரிசு வாங்கினார். ரானிடிடின் ஒரு காலத்தில் நம் வீடுகளில் விக்ஸ் டப்பாவோடு சேர்ந்தே கிடந்தது. 2019-ல் அதில் என்டிஎம்ஏ என்ற புற்றுநோய் சந்தேகமுள்ள மாசு இருப்பது தெரியவந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைச் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது. 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீங்கியது. கடைகளில் இன்னும் கிடைக்கிறது. இந்த வகை வேண்டுமென்றால் ஃபமோடிடினைக் கேட்டு வாங்குங்கள், அதில் அந்தச் சிக்கல் இல்லை.

இதன் பலம் அரை மணி, ஒரு மணியில் வேலை செய்து பல மணி நேரம் நிற்பது. பலவீனம், தினமும் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகிப்போய் வீரியம் குறைவது. ஆகவே இது தினசரி மருந்தாக இருப்பதைவிட, சனிக்கிழமை பிரியாணி பார்ட்டி என்று முன்கூட்டியே தெரிந்தால் போட்டுக்கொள்ளும் மருந்தாக இருப்பதே பொருத்தம். பிபிஐயைக் குறைக்கும்போது ஊன்றுகோலாகவும் இது உதவும்.

பான் ஃபார்ட்டியும் அதன் சொந்தங்களும்

ஒமெப்ரசோல், பான் ஃபார்ட்டியில் இருக்கும் பேன்டோப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் பிபிஐ என்ற ஒரே குடும்பம். 1988-ல் சுவீடனில் ஒமெப்ரசோல் சந்தைக்கு வந்ததிலிருந்து இந்த நோயின் வைத்தியமே மாறிப்போனது. உணவுக்குழாய்ப் புண்ணை ஆற்றுவதில் மேலே சொன்ன எதுவும் இவற்றுக்கு நிகரில்லை. இவற்றுக்குள் எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், வித்தியாசம் சின்னது. விலை பெரிய வித்தியாசம். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் இதே மருந்து ஜெனரிக் பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

எங்கே சறுக்குகிறது என்றால், போடும் நேரத்தில். மேற்கு மாம்பலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் நண்பர் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். அட்டையை நீட்டியபடியே கேட்பார்:

“எப்போ போடுறீங்க?”

“ராத்திரி சாப்பிட்டுட்டு, படுக்கப் போறப்போ.”

“வேலை செய்யுதா?”

“எங்கண்ணா... அதான் இப்போ ரெண்டா போடுறேன்.”

இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. சாப்பாடு வரும்போதுதான் அவை விழித்து வேலைக்கு வரும். பிபிஐ வேலை செய்யும் பம்பை மட்டுமே பிடித்துப் பூட்டும். ரத்தத்தில் இந்த மருந்தின் அளவோ ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். சாப்பிட்டபின் போட்டால் மருந்து வந்து சேரும்போது பம்புகள் தூங்கப் போயிருக்கும். காலை ஆறு மணிக்கு மாத்திரை, உடனே காபி, பதினோரு மணிக்குத்தான் டிபன் என்று இருப்பவரும் பாதி மருந்தை வீணாக்குகிறார்; சாப்பாடு வருவதற்குள் மருந்து கரைந்துவிடுகிறது. சிறுசேரியில் நைட் ஷிப்ட் பார்ப்பவருக்குக் காலை என்பது சாயங்காலம் ஐந்து மணி என்றால், அவர் தன் முதல் பெரிய சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து அல்ல. ராத்திரிதான் தொந்தரவு என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று, இது முதல் நாளே முழுப் பலன் தராது. எல்லாப் பம்புகளும் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை என்பதால் முழு வீச்சு வர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். “இன்னைக்கு எரியுது, ஒண்ணு போட்டுக்கிறேன்” என்பவருக்கு ஜெலுசிலே மேல். மாத்திரையை உடைக்கவும் நசுக்கவும் கூடாது. அதன் மேல்பூச்சு அமிலத்திலிருந்து மருந்தைக் காப்பாற்றுவதற்காகப் போட்டது.

பக்கவிளைவு பயங்களுக்கு வருவோம். வருஷக்கணக்கில் போட்டால் பி12 குறையலாம், மெக்னீசியம் குறையலாம், குடல் தொற்றுக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடும், எலும்பு முறிவு ஆபத்து சிறிதளவு கூடுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும், மெட்ஃபார்மின் போடும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஏற்கெனவே பி12 குறையும் வாய்ப்பு அதிகம். நீண்டகாலம் பிபிஐ போடும் மயிலாப்பூர் மாமா வருஷம் ஒருமுறை பி12 பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். கிட்னி விஷயம்: அரிதாகச் சிலருக்குச் சிறுநீரகத்தில் அழற்சி வருவது உண்மை. ஆனால் நினைவிழப்பு, கிட்னி செயலிழப்பு என்று பரவிய செய்திகள் பெரும்பாலும், மாத்திரை போடுகிறவர்கள் போடாதவர்களைவிட ஏற்கெனவே நோயாளிகளாக இருப்பதால் வரும் கணக்குக் கோளாறு. 17,000-க்கும் மேற்பட்ட இதய, ரத்தக்குழாய் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குப் பேன்டோப்ரசோல், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்து மூன்று வருஷம் பார்த்த காம்பஸ் ஆய்வு 2019-ல் வெளிவந்தது. தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டும்: 1 சதவீதம் என்பது 1.4 சதவீதம் ஆனது. நாள்பட்ட சிறுநீரக நோயோ மறதி நோயோ கூடவில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து எரிச்சல் பாயும். 2009-ல் டென்மார்க்கில் எந்தத் தொந்தரவும் இல்லாத 120 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எட்டு வாரம் எசோமெப்ரசோல் போட்டு நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு, அதுவரை இல்லாத எரிச்சலோ எதுக்களிப்போ வந்தது. வெற்று மாத்திரை போட்டவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இதுதான் “நிறுத்தினா உடனே வந்துடுது, எனக்கு ஆயுசுக்கும் வேணும்போல” என்று பலர் நம்புவதன் பின்னணி. நிறுத்தியபின் சில வாரம் தாங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். எட்டு வாரம் முடிந்ததும் 40 மில்லிகிராமை 20 ஆக்கி, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், இடையில் எரிந்தால் ஃபமோடிடினோ ஆல்ஜினேட்டோ என்று இறங்கினால் பெரும்பாலானோர் தப்பிவிடலாம். எண்டோஸ்கோபியில் கடும் புண்ணோ பாரெட்ஸோ இருந்தவர்கள், ஆஸ்பிரினோடு சேர்த்து இரைப்பைப் பாதுகாப்புக்காகப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் தாமாக நிறுத்தக்கூடாது.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டு குளோபிடோக்ரல் போடுபவருக்கு ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் ஆகாது. அந்த மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். பேன்டோப்ரசோல் பரவாயில்லை. தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை இரண்டும் அமிலம் குறைந்தால் சரியாக ஏறாது.

பான் ஃபார்ட்டியைவிட பான்-டி “ஸ்ட்ராங்” என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த டி என்பது டாம்பெரிடோன், வாந்தி மருந்து. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் அதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், அதுவும் பொதுவாக ஒரு வாரத்துக்குள் என்று கட்டுப்படுத்தியது. அமெரிக்காவில் அதற்கு அனுமதியே கிடையாது. எரிச்சலுக்காக மாதக்கணக்கில் பான்-டி போடுவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. முதியவர்கள் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும்.

புதிதாக வோனோப்ரசான் வந்திருக்கிறது. ஜப்பானில் 2015-லிருந்து இருக்கிறது, அமெரிக்கா உணவுக்குழாய்ப் புண்ணுக்கு 2023-ல் அனுமதித்தது, இங்கேயும் கிடைக்கிறது. சாப்பாட்டு நேரத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை, முதல் நாளிலிருந்தே வேலை செய்யும். கடும் புண்ணுக்கு நல்ல மருந்து. ஆனால் நேரம் தவறிப் போட்ட பிபிஐ வேலை செய்யவில்லை என்று சொல்லி இதற்குத் தாவுவது காசுக்குப் பிடித்த கேடு. முதலில் நேரத்தைத் திருத்திப் பாருங்கள்.

பத்து மணிச் சாப்பாடு

மிளகாய், புளி, வத்தக்குழம்பு என்று ஒரு பட்டியலை ஒட்டி வீட்டில் எல்லோருக்கும் பத்தியம் போடுவார்கள். எல்லோருக்கும் பொதுவான தடைப்பட்டியல் என்று ஒன்று கிடையாது. உங்களுக்கு எது ஆகவில்லையோ அதை மட்டும் விடுங்கள். எல்லோருக்கும் பொருந்துவது மூன்று: எவ்வளவு, எவ்வளவு எண்ணெய், எத்தனை மணிக்கு. இந்த ஊரில் மூன்றாவதுதான் பெரிய வில்லன். கிண்டியில் ஆபீஸ் முடித்து, லோக்கல் ரயிலில் தொங்கி, குரோம்பேட்டையில் இறங்கி வீட்டுக்குள் நுழையும்போது ஒன்பதரை. குளித்துச் சாப்பிடும்போது பத்து. நாள் முழுக்கப் பட்டினி கிடந்த பசியில் ஐந்தாறு தோசையும் சட்னியும். பத்தரைக்குப் படுக்கை. இரைப்பை நிரம்பியிருக்கும் நேரத்தில் உடம்பைக் கிடத்தினால் அந்தச் சுருக்குத்தசை பாவம் என்ன செய்யும்?

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் வேண்டும். “ஏழு மணிக்குச் சாப்பிடு” என்று இவரிடம் சொல்வது எளிது, நடக்காது. நடப்பது இது: சாயங்காலம் ஆறரை ஏழுக்குள் ஆபீஸ் கேன்டீனில் நாலு இட்லியோ சப்பாத்தியோ, வயிறு நிறையும் அளவுக்கு ஒரு நிஜமான சாப்பாடு. வீட்டுக்கு வந்தபின் ஒரு கரண்டி மோர் சாதம். பெரிய சாப்பாடும் சின்ன சாப்பாடும் இடம் மாறிக்கொள்கின்றன, அவ்வளவுதான். பஜ்ஜியும் டீயும் அந்த ஆறரை மணிச் சாப்பாட்டில் சேர்த்தியில்லை. “பையன் ராத்திரி ஒண்ணுமே சாப்பிடல” என்று வீட்டில் அம்மா வருத்தப்படுவார்; முதல் வாரம் அதைத்தான் சமாளிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது படுக்கை. இரண்டு மூன்று தலையணையை அடுக்கிக்கொண்டால் கழுத்து மடங்குகிறது, வயிறு அழுந்துகிறது, பலன் குறைவு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களைத்தான் ஆறு முதல் எட்டு அங்குலம் உயர்த்த வேண்டும். செங்கல் வைத்தால் இரும்புக்கட்டில் வழுக்கும். தச்சரிடம் நடுவில் குழி வெட்டிய மரக்கட்டை இரண்டு செய்யச் சொன்னால் கால் அதில் உட்கார்ந்துகொள்ளும். கட்டிலைத் தூக்க முடியாத வீட்டில், தோளிலிருந்தே சரிவாக வரும் சாய்வு மெத்தை வாங்கலாம். இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுப்பது காசே இல்லாத வைத்தியம். அப்படிப் படுத்தால் இரைப்பையின் பெரும்பகுதி, உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குக் கீழே இருக்கும், அமிலம் மேலே ஏறினாலும் சீக்கிரம் இறங்கிவிடும். ராத்திரி எரிச்சல்காரர்களுக்கு இந்த இரண்டும் நல்ல ஆயுதம். பகலில் மட்டும் எரிகிறவர்கள் கட்டிலைத் தூக்கிப் பயனில்லை.

தொப்பை குறைந்தால் எரிச்சல் குறையும். இதில் ஆதாரம் மிக வலுவானது. 2021-ல் வெளிவந்த அமெரிக்க நர்ஸுகளின் ஆய்வில், சரியான எடை, புகையின்மை, தினம் அரை மணி உடற்பயிற்சி, காபி டீ சோடா இரண்டு கோப்பைக்குள், நல்ல சாப்பாடு என்ற ஐந்தையும் கடைப்பிடித்தவர்களுக்கு அறிகுறிகள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. அவர்கள் நம் ஊர் டிகாக்‌ஷன் குடித்தவர்கள் இல்லை என்பது வேறு விஷயம். காலை ஒன்று, மதியம் ஒன்று என்று காபியை நிறுத்திக்கொள்ளலாம். முற்றாக விடச் சொல்லும் அளவுக்கு எல்லோருக்கும் அது எதிரியில்லை.

மாத்திரையோடு ஒப்பிட்டால் இந்த வழி மெதுவானது, கடும் புண்ணை இதனால் மட்டும் ஆற்ற முடியாது. ஆனால் மாத்திரையை நிறுத்தும் நாள் வரும்போது கைகொடுப்பது இதுதான். அதனால்தான் இரண்டையும் ஒரே நாளில் தொடங்கச் சொல்கிறேன்.

எண்டோஸ்கோபி யாருக்கு

விழுங்கும்போது சிக்குகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், ரத்தசோகை. இதில் ஒன்று இருந்தாலும் எட்டு வாரம் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை, உடனே எண்டோஸ்கோபி. எட்டு வாரம் ஒழுங்காகப் போட்டும் சரியாகாதவர்களுக்கும், நிறுத்தியதும் மறுபடி மறுபடி வருபவர்களுக்கும் அது தேவை. ஐம்பது வயதைத் தாண்டிய, தொப்பையுள்ள, புகைபிடிக்கும், பல வருஷமாக எரிச்சலோடு வாழும் ஆண்கள் பாரெட்ஸ் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும், ஸ்டான்லியிலும், கீழ்ப்பாக்கத்திலும் குடல் இரைப்பைத் துறைகள் இருக்கின்றன. காத்திருக்க வேண்டும், ஆனால் ஒரு நாளில் அவர்கள் பார்க்கும் கேஸ்கள் தனியார் கிளினிக்கில் பல நாளுக்குச் சமம். சோதனை சில நிமிஷ வேலைதான். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. பிபிஐ போட்டுக்கொண்டே போனால் புண் ஆறிப்போய் ஒன்றும் தெரியாமல் போகலாம். நோய் இதுதானா என்று உறுதிசெய்யப் பார்ப்பதானால் இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் புண்ணை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்திருப்பார்கள். சி, டி என்றால் நோய் இதுதான், கேள்வியே இல்லை. ஏ என்பதை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்றுமே இல்லை என்று வந்தால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. எதுக்களிப்பு உள்ள பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குழாய் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அப்போது மூக்கு வழியாக மெல்லிய கம்பி விட்டு 24 மணி நேரம் அமிலத்தை அளக்கும் சோதனை உதவும். “ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்” என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அது சர்வசாதாரணம், நெஞ்செரிச்சலுக்கு அது விளக்கமும் ஆகாது. எச்.பைலோரி கிருமி இருந்தால் வைத்தியம் செய்துகொள்ளுங்கள், ஆனால் அது அல்சருக்கான கதை. அதை ஒழித்தால் எதுக்களிப்பு நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கத்தி

ஃபண்டோப்ளிகேஷன் என்பது இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் கீழ்முனையைச் சுற்றிப் போர்த்தித் தைப்பது. ருடால்ஃப் நிஸ்ஸன் 1956-ல் இதை வெளியிட்டார். 1991-லிருந்து லேப்ராஸ்கோப்பி வழியாகவும் செய்கிறார்கள். மாத்திரையால் முடியாததை இது செய்யும்: மேலே வருவதையே தடுக்கும். அதனால் எரிச்சலைவிட எதுக்களிப்பு அதிகமுள்ளவருக்கு, பெரிய ஹெர்னியா உள்ளவருக்கு, இளம் வயதில் ஆயுசுக்கும் மாத்திரை போட விரும்பாதவருக்கு இது நியாயமான தேர்வு.

மாத்திரையோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். 2011-ல் வந்த லோட்டஸ் ஆய்வில் ஐந்து வருஷ முடிவில் எசோமெப்ரசோல் போட்டவர்களில் 92 சதவீதமும், ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 85 சதவீதமும் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும் ஆளுக்கு ஆபரேஷன் பெரிதாக ஒன்றும் கூட்டித்தருவதில்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். மாத்திரைக்குக் கேட்காத ஆட்களின் கதை வேறு. 2019-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வில் அப்படிப்பட்ட 366 பேரை எடுத்தார்கள். மாத்திரையை ஒழுங்காகப் போடவைத்து, எல்லாச் சோதனையும் செய்து சல்லடை போட்டதில் உண்மையிலேயே எதுக்களிப்பால் எரிச்சல் என்று தேறியவர்கள் 78 பேர்தான். மற்றவர்களில் சிலருக்கு நேரம் தவறாமல் போட்டதுமே சரியாகிவிட்டது. பலருக்கு எரிச்சலுக்கும் அமிலத்துக்கும் சம்பந்தமே இல்லை. தேறிய 78 பேரில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 67 சதவீதம் பேருக்கும், கூடுதல் மருந்து எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்கும் பலன் கிடைத்தது. சரியான ஆளுக்கு இது அபாரமாக வேலை செய்கிறது. சரியான ஆள் யார் என்று கண்டுபிடிப்பதில்தான் சூட்சுமம்.

ஆபரேஷனுக்குப் பின் சில வாரம் விழுங்கச் சிரமம் இருக்கும், சிலருக்கு நீடிக்கும். ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்புவதும் உண்டு. சோடா பிரியர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும். வருஷங்கள் போகப்போகத் தையல் தளர்ந்து மறுபடி மாத்திரைக்கு வருபவர்கள் கணிசம். உடல் எடை மிக அதிகமுள்ளவருக்கு இதைவிட, எடைக்கான பைபாஸ் அறுவைச் சிகிச்சையே இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும்; அதே எடைக்குறைப்பில் ஸ்லீவ் என்ற வகை எதுக்களிப்பைக் கூட்டிவிடக்கூடும் என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தத் தொந்தரவை டாக்டரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

சர்ஜனிடம் போனால் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். அமிலம் அளக்கும் சோதனையில் என்ன வந்தது? மனோமெட்ரியில் என் உணவுக்குழாயின் தசை பலம் எப்படி? குழாயின் தசை பலவீனமாக இருக்கும் ஆளுக்கு முழுச்சுற்றுப் போர்த்தினால் சாப்பாடு இறங்காது. அரைச்சுற்றுத்தான் போட வேண்டும், சிலருக்கு அதுவும் கூடாது. இந்த இரண்டு சோதனையும் செய்யாமலே யாராவது தேதி குறிக்கிறார் என்றால், பைலை வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.